மண்புழு வேண்டாம், இறகு போதும்!

தூண்டில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. மூங்கில் கழி, நூல், தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தக்கை அமிழும்வரை காத்திருந்த அனுபவம், கிராமத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் உண்டு. தில்லியிலும் சண்டிகரிலும் பிறந்து வளரும் நம் பேரன் பேத்திகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் வேறொரு வகைத் தூண்டில் இருக்கிறது. அதன் பெயர் 'ஃப்ளை ஃபிஷிங்'. இதில் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. இறகாலும் நூலாலும் கட்டிய போலிப் பூச்சிதான் இரை.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது, பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் செல்லும் குறுகிய பாதையில் எனக்குச் சில காலம் வேலை இருந்தது. 2 அடி 6 அங்குல அகலமுள்ள அந்தப் பாதை, ஷானன் நீர்மின் நிலையத்துக்குத் தளவாடம் கொண்டு செல்லப் போடப்பட்டு 1929-இல் திறக்கப்பட்டது. அந்த நிலையத்துக்குத் தண்ணீர் தரும் உஹல் ஆற்றின் கரையில் பரோட் என்ற சிற்றூர். அங்கே அரசின் ட்ரவுட் மீன் பண்ணை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் இந்தக் கலையைப் பழகியது அந்த ஆற்றில்தான்.

ட்ரவுட் நம் நாட்டு மீனல்ல. குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும். 1900 வாக்கில் ஸ்காட்லாந்து முட்டைகள் காஷ்மீரில் பொரிக்கப்பட்டன. 1909-இல் குலு பள்ளத்தாக்குக்கு வந்தது. நம் நீலகிரியிலும் இதே காலத்தில் ஆங்கிலேயர்கள் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கருவிகள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்கிறது. இங்கே போலிப் பூச்சிக்குக் கனமே இல்லை. ஆகவே நூலுக்கே கனம் கொடுத்து, அதைத்தான் வீசுகிறோம். இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

கழி: 9 அடி நீளம், '5 எண்' கழி தொடக்கத்துக்குப் போதும். நூலின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருந்தால் அது 5 எண் நூல். கழியும் நூலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் கேஜ் பொருந்த வேண்டும் அல்லவா!

நூல்: மிதக்கும் வகை வாங்குங்கள். அதன் முனையில் 'லீடர்' எனப்படும் 9 அடி நைலான் இழை. அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். நுனி '5எக்ஸ்' என்றால், 11-இலிருந்து 5-ஐக் கழியுங்கள், மீதி 6. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு விட்டம் (0.15 மி.மீ.). கழி கொடுத்த விசை தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கு ஓடி, பூச்சியை மெதுவாக நீரில் இறக்கும்.

ரீல்: சிறிய மீனுக்கு அது நூலைச் சுற்றி வைக்கும் உருளைதான். அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பூச்சி: 12 முதல் 16 வரை எண்ணுள்ள முள்கள். எண் கூடக்கூட முள் சிறிதாகும். மேலே மிதப்பது இரண்டு, மூழ்குவது இரண்டு இருந்தால் போதும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். பின்னாலிருந்து பறந்து வருவது முள்!

வீசிப் பழக

ஆற்றுக்குப் போகுமுன் காலனிப் பூங்காவில் பழகுங்கள். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டுங்கள். கடிகார முகத்துக்குப் பக்கவாட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கழியைப் பின்னுக்கு உயர்த்தி 1 மணியில் சட்டென்று நிறுத்துங்கள். நூல் பின்னால் நேராக விரியும்வரை பொறுங்கள். பிறகு முன்னுக்குக் கொண்டுவந்து 10 மணியில் நிறுத்துங்கள். தூக்கி எறிவது பலமல்ல, இந்த நிறுத்தம்தான். சாட்டை போல 'சடீர்' என்று ஒலித்தால் பொறுமை போதவில்லை என்று பொருள். தினம் 15 நிமிடம் பழகி, 30 அடி சீராக விழுந்தால் ஆற்றுக்குத் தயார்.

ஆற்றங்கரையில்

உணவு ஓட்டத்தோடு வருவதால் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். ஆகவே அதன் பின்புறமிருந்து மேல்நோக்கி வீச வேண்டும். பாறைக்குப் பின்னால், வேக நீரும் மெது நீரும் சந்திக்கும் இடமே அது நிற்கும் இடம். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களின் நிறத்துக்கும் அளவுக்கும் பொருந்தும் பூச்சியைக் கட்டுங்கள். அது ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். நூல் இழுத்தால் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"ஏங்க, பிடிச்சதைத் திரும்ப விடுறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். குழம்புக்குப் பண்ணை மீன் விலைக்குக் கிடைக்கிறது. ஆற்று மீன் அடுத்தவருக்கும் இருக்கட்டும். முள்ளின் எதிர்நாக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் எளிதில் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே பிடித்து, ஓட்டத்தை எதிர்த்துக் காட்டுங்கள். தெம்பு வந்ததும் தானே நழுவிப் போகும்.

முக்கியமான எச்சரிக்கை

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹிமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் இனப்பெருக்கக் காலம், தூண்டில் போடக்கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் அணை நீர். 2014 ஜூன் 8 அன்று, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பியாஸ் ஆற்றில் பெருகி வந்தது. சுற்றுலா வந்து பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை அடித்துச் சென்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் அவர்களுக்கு. சமவெளியிலிருந்து போகிற நமக்கு மலையாறு பழக்கமில்லை. வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வரும்.

தண்டவாளத்தில் வேலை செய்பவனுக்கு முதல் பாடம், வண்டி எந்த நேரமும் வரும் என்று எண்ணி நிற்பது. ஆற்றிலும் அதுவே விதி. மேலே அணை உண்டா, எப்போது திறப்பார்கள் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். நடு ஆற்றுப் பாறையில் ஏறாதீர்கள். முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர்கள். நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், சங்கு ஊதினாலும், கழி போனால் போகட்டும் என்று கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். சிறுவர்கள் கரையிலிருந்தே வீசட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

மார்ச்சில் ஆறு திறக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் பேரப் பிள்ளைகளோடு பூங்காவில் கம்பளி நூல் வீசிப் பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்!