அத்தாவின் அலமாரியில் தங்கிய புகை



உங்கள் இல்லத்து அலமாரியைத் திறந்தவுடன் முதலில் வருவது எது? துவைத்த துணியின் மணமா? அத்தரின் நறுமணமா? அல்லது, புகைத்தவர் போன பின்பும் போகாமல் நிற்கும் புகையிலையின் வாடையா? கடைசியாகக் கூறியது உங்கள் வீட்டில் உண்டென்றால், சற்று நேரம் ஒதுக்கி இதனைப் படியுங்கள்.

என் தந்தையார் சுங்கான் பிடிக்கும் பழக்கம் உள்ளவர். தேக்கு அலமாரியின் கீழ்த்தட்டில்தான் சுங்கானும் புகையிலைப் பையும் இருக்கும். அவர் வஃபாத்தாகி மூன்றாண்டுகள் சென்றபின், என் மூத்த மகள் தலைப்பிரசவத்திற்கு வந்தாள். பிறக்கப் போகும் குழந்தைக்கென்று வெள்ளைப் பனியன் துணியில் தைத்த ஜப்லாக்களைத் துவைத்து, வேறு இடமின்றி, அந்த அலமாரியில் அடுக்கினோம். அகீகா அன்று எடுத்துப் பார்த்தால், அத்தனையிலும் புகையிலை வாடை!

"இந்த அலமாரியை விற்றுவிடுங்கள் அத்தா" என்றாள் மகள். என் தாயாரோ கதவைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாடையும் போய்விட்டால் உன் அத்தாவுடையது என்று இந்த வீட்டில் வேறு என்னப்பா இருக்கிறது?" என்றார். இருவருக்கும் என்ன பதில் கூறுவதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகே இதுபற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

வாடை என்பது வெறும் வாடையன்று. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை. புகை கலைந்த பின்னும் நிக்கோட்டினும் தாரும் மெல்லிய படலமாகச் சுவரிலும் மரத்திலும் துணியிலும் படிந்து, மாதக்கணக்கில் தங்குகின்றன. அப்படிப் படிந்த நிக்கோட்டின், அறைக் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு கூடிப் புற்றுநோய்க்குக் காரணமான புதிய நச்சுகளாக மாறுவதை, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2010-இல் வெளியிட்டனர். இதனை 'மூன்றாம் நிலைப் புகை' என்கின்றனர். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். சுங்கான் புகையிலையில் பெரும்பாலும் இனிப்பும் வாசனைப் பொருளும் சேர்ப்பதால், அதன் வாடை சிலருக்கு இனிமையாகவும் தோன்றும். ஆனால் இனிமையாக மணப்பதனால் அதன் நஞ்சு குறைந்துவிடாது.

திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலையை 1925-இல் குலாம் காதர் அவர்கள் தொடங்கினார் என்று இவ்வூர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அன்று தொட்டுப் பனியனோடு வாழும் நமக்குப் பருத்தியின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. வியர்வையை உறிஞ்சும் அதே இழைதான் புகையையும் உறிஞ்சுகிறது. பிசிறு வெட்டவும் செக்கிங் பார்க்கவும் பீஸ்களை வீட்டுக்கு எடுத்து வரும் சகோதரிகள், அந்த மூட்டைகளைப் புகை பிடிக்கும் அறையில் வைக்கவே வேண்டாம்.

வாடையைப் போக்க நம் இல்லங்களில் முதலில் செய்வது அதனை மூடி மறைப்பதுதான். சாம்பிராணி போடுகிறோம், அதுவும் ஒரு புகையே. அத்தர் பூசுகிறோம்; இரண்டு நாளில் பழைய வாடை மேலெழும். பாச்சை உருண்டை போடுகிறோம். குழந்தைத் துணியைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு, நாப்தலின் உருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறைபாடு எந்தக் குழந்தைக்கு உண்டென்பது பார்த்த அளவில் தெரியாது.

ஆகவே மறைக்காதீர்கள், அகற்றுங்கள். நாங்கள் செய்த முறை இது.

முதலில் அலமாரியை முழுவதும் காலி செய்து, சுங்கான், பழைய புகையிலைப் பை, தட்டில் விரித்த காகிதம், மூலையில் கிடந்த சாம்பல் அனைத்தையும் வெளியேற்றினோம். வாடையின் ஊற்று உள்ளே இருக்கும்வரை மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அடுத்து, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புத்தூள் கரைத்து, பிழிந்த துணியால் மேல்தட்டு, பின்பலகை, இழுப்பறையின் அடிப்பாகம், கதவின் உட்புறம் என ஒன்றும் விடாமல் துடைத்தோம். துணியில் மஞ்சளாக ஏறிய கறையைக் கண்டபோதுதான் எனக்கு உண்மை விளங்கியது. கறை வராத வரையில் நீரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கைக்கு உறை அவசியம். மரத்தை ஊற வைக்கலாகாது. இரும்பு பீரோவாயின் வேலை எளிது.

பின்னர்க் கதவுகளைத் திறந்து பல நாள் காற்றாட விட்டோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பகுதிக்கு வரும் ஆனி, ஆடிக் காற்று இதற்கு மிக உகந்தது. ஐப்பசி அடைமழையில் இவ்வேலையைத் தொடங்கினால் வாடையோடு பூஞ்சணமும் சேரும். நன்கு உலர்ந்த பின், கிண்ணங்களில் சமையல் சோடாவையும் கரித்துண்டுகளையும் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றினோம். இவை மிச்ச வாடையைக் குறைக்குமேயன்றி, துடைக்கும் வேலைக்கு மாற்றாகா. அதற்கும் அடங்காத மரத்தின் உட்பக்கத்திற்கு அரக்கு மெருகு பூசலாம்; மெருகின் நெடி அடங்கிய பிறகே துணிகளை அடுக்க வேண்டும்.

துணிகளைச் சோப்பு கலந்த சுடுநீரில் ஊற வைத்து, இருமுறை அலசி வெயிலில் உலர்த்துங்கள். கடைசி அலசலில் சிறிது வினிகர் சேர்க்கலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். கிதாபுகளை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, கரித்துண்டுகள் இட்ட பெட்டியில் சில வாரம் மூடி வையுங்கள். கரி ஏட்டில் படக்கூடாது.

பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் அவ்வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நமக்குப் பழகிப்போன வாடை பிறருக்குத் துன்பம் தரும் என்பதை அது உணர்த்துகிறது. 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை உள்ளது. வீட்டுக்குள் அத்தடையை இட வேண்டியவர் குடும்பத் தலைவரே.

என் தாயாரைப் பற்றிக் கூறாமல் முடிக்க இயலாது. முதல் நாள் அவர் அந்த அறைக்கே வரவில்லை. இரண்டாம் நாள், துடைத்த துணியின் மஞ்சள் கறையை அவரிடம் காட்டி, "இதுதான் பிள்ளையின் சட்டையில் ஏறியதம்மா" என்றேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கூறாமல் தாமே ஒரு துணியை நனைத்துக் கீழ்த்தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் தொழுகைத் தொப்பியையும் மட்டும் கழுவி உலர்த்தித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஜப்லாக்கள் இப்போது அந்தத் தட்டிலேயே இருக்கின்றன.

புகைக்கும் பழக்கமுள்ள சகோதரர்களே! உங்கள் பிள்ளைகள் உங்களை நினைவுகூர எத்தனையோ நல்லவற்றை விட்டுச் செல்லலாம். அலமாரியில் படிந்த நஞ்சு அவற்றுள் ஒன்றாக வேண்டாம். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.