வீட்டுக்குள் ஒரு கேமரா – 7: முயல் ஓடட்டும்

மீன் தொட்டியைப் படம் எடுத்தபோது நம்மைப் படுத்தியது கண்ணாடி. முயலுக்குக் கண்ணாடியும் இல்லை, கம்பியும் இல்லை. கூண்டைத் திறந்தால் சோபாவுக்கு அடியில் ஒரு ஓட்டம், கதவு இடுக்கில் ஒரு ஓட்டம். போனோடு பின்னாலேயே போனால் கிடைப்பது வால் மட்டும்தான். அப்போது வீட்டில் யாராவது, "நீ பிடிச்சுக்கோ, நான் எடுத்துடறேன்" என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

முயலை மல்லாக்கப் படுக்க வைத்தால் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பார்ப்பதற்குச் சுகமாகத் தூங்குவதாகத் தோன்றும். அப்படி எடுத்த படங்களுக்கு லைக்கும் குவிகிறது. ஆனால் அது தூக்கம் இல்லை. வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிய முயல் தப்பிக்க வேறு வழியில்லாமல் உறைந்துபோகும் நிலை அது. திமிறி உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடும் அளவுக்கு மென்மையான உடம்பு அதற்கு. அசையாத முயல் வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டால், பயந்த முயலைத்தான் படம் எடுப்போம்.

அதனால் அதன் நேரத்துக்கு நாம் போவோம். முயல் துள்ளி விளையாடுவது விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான். நமக்கு ஓய்வு கிடைக்கும் மதியம் அது உறங்கும் நேரம். காலை ஏழு மணி வாக்கில் ஜன்னலோரம் போதிய வெளிச்சம் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், திடுக்கிடும். சூடேறும் விளக்குகளும் வேண்டாம். முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் உடம்புச் சூட்டை வெளியேற்றும்.

அடுத்தது தரை. நாய், பூனைக்கு இருக்கும் மெத்தென்ற பாதம் முயலுக்கு இல்லை, அடிப்பாதம் முழுக்க ரோமம். டைல்ஸிலும் மொசைக்கிலும் வழுக்கும், அதனால் துள்ளத் தயங்கும். ஜன்னலோரம் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரியுங்கள். கோடு போட்டது கண்ணை இழுக்கும், ஒரே நிறமாக இருந்தால் நல்லது. கடித்துவிடும் என்பதால் சார்ஜர் ஒயர்களை எடுத்துவிடுங்கள். ஜமுக்காளத்தில் இரண்டு கொத்தமல்லித் தழையை வைத்துவிட்டு, அதே உயரத்தில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள்.

முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தனக்குப் பின்னால், தலைக்கு மேலே நடப்பதுகூட அதற்குத் தெரியும். மேலிருந்து ஒரு கை இறங்கினால் அதன் உடம்பு பருந்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தரையோடு தரையாகக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் தானே வந்து மோந்து பார்க்கும். துரத்த வேண்டாம். தழை கிடக்கும் இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

முதலில் கிடைப்பது முகம் கழுவும் காட்சி. பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் படபடவென்று உதறும். நக்கி ஈரமாக்கி முகத்தைத் துடைக்கும். பிறகு ஒரு காதைக் கீழே இழுத்து, பின்னலை முன்னால் போட்டு வாருவதுபோல நீவிவிடும். இதற்கு 1/250 விநாடி ஷட்டர் வேகம் போதும். ஓட்டத்துக்கு 1/500. சந்தோஷம் மிகுந்தால் அந்தரத்தில் எழும்பி, தலையை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் முறுக்கும். அதற்கு 1/1000 வேண்டும். ஐஎஸ்ஓ 3200 போனாலும் பரவாயில்லை. படத்தில் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகளின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். வேகமான ஷட்டரில் அது பட்டை பட்டையாகப் பதியும். வெள்ளை முயல் என்றால் கேமரா ஏமாந்து சாம்பலாகக் காட்டும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். கறுப்பு முயலுக்குக் கொஞ்சம் குறையுங்கள்.

போனில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்கும் பர்ஸ்ட் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 1894-ல் பிரான்சில் எத்தியென்-ஜூல் மாரே, தலைகீழாக விடப்பட்ட பூனை அந்தரத்திலேயே திரும்பிக் காலூன்றுவதை இப்படித்தான் வரிசைப் படங்களாகக் காட்டினார். கண்ணால் பிடிக்க முடியாத அசைவை அறிவதற்காக அன்று செய்த வேலை, இன்று நம் பாக்கெட்டில் இருக்கிறது.

பின்னங்காலால் தரையைத் தட்டினாலோ, காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு பதுங்கினாலோ கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். துள்ளும் முயலின் காது மங்கலாக விழுந்த படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நம் வீட்டில் பயமில்லாமல் வாழும் ஒரு உயிரின் படம் அது.

(அடுத்த வாரம்: லவ் பேர்ட்ஸ் – கூண்டுக் கம்பி தெரியாமல் எடுப்பது எப்படி?)