பாட்டி நம்பிய மண் உண்டியல்

மந்தைவெளி வீட்டைக் காலி செய்தபோது, பரணில் இருந்த பித்தளை அண்டாவுக்குள் அம்மாவின் மண் உண்டியல் கிடைத்தது. ஒற்றைக் கையால் தூக்க முடியாத கனம். "உடைக்காதேம்மா, ஷோகேஸில் வைக்கலாம்" என்றாள் மகள். "உள்ளே இருக்கறது காசு அக்கா, உடைச்சுடலாம்" என்றான் தம்பி. இரண்டு நாள் யோசித்தேன்.

உற்றுப் பார்த்தால்தான் அதிலுள்ள வேலை தெரிகிறது. பானைக்கு வாய் உண்டு, இதற்குக் கிடையாது. சக்கரத்தில் மண்ணை எழுப்பி, வாயைக் குறுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் குமிழ் வைத்து மூடிவிடுகிறார் குயவர். பாதி காய்ந்த பதத்தில்தான் காசு போடும் கீறலை அறுக்க வேண்டும். ஈரத்தில் அறுத்தால் அமுங்கிவிடும், நன்றாகக் காய்ந்துவிட்டால் விரிசல் விடும். காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்குவதால், காசை விடச் சற்றுப் பெரிதாகவே அறுக்க வேண்டும். ரொம்பப் பெரிதானால் கவிழ்த்ததுமே காசு கொட்டிவிடும். (சின்ன வயதில் ஹேர்பின் விட்டு நாலணா எடுத்த கை இது!)

சாவி போட்ட தகர உண்டியலும் எங்கள் வீட்டில் இருந்தது. சாவி இருந்தால் மாசக் கடைசியில் கை சும்மா இருக்குமா? பாட்டிக்கு மண்தான். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. மறுவருஷமே மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார். ஆனாலும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பாட்டிக்குப் பயம் போகவில்லை. "மண் உண்டியல் திவாலாகாதுடி" என்பாள். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் செய்தித்தாளை விரித்து, அம்மாவை நினைத்துக்கொண்டு உடைத்தோம். முக்கால்வாசி காண்டாமிருகம் போட்ட 25 பைசா! நெளிநெளியான அலுமினியப் பத்து பைசா, தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாதே! ஒரு ரூபாயும் 50 பைசாவுமாக நானூற்றுச் சொச்சம்தான் தேறியது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசு. எதற்காகச் சேர்த்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்தபோதே கேட்டிருக்கலாம்.

நவராத்திரிக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கப் போனபோது பேத்திக்கு ஒரு மண் உண்டியல் வாங்கினேன். பத்து ரூபாய் நாணயம் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் மாட்டிக்கொள்கிறது. அடியில் தேதியை எழுதச் சொன்னேன். அவள் தேதியோடு 'சைக்கிள்' என்றும் எழுதினாள். அடுத்த நவராத்திரிக்கு உடைத்துவிட வேண்டும்.

- ஒரு வாசகி, அடையாறு