பாங்கொக்கில் ஒரு பழந்தேநீர்க் கடை

பாங்கொக் நகருக்குச் செல்வோர் பொன்வேய்ந்த விகாரைகளையே முதலில் நாடுவர். நாமோ, அங்கே தொழில் பார்க்கும் நண்பரொருவரைத் துணைகொண்டு, காலைப்பொழுதில் ஒரு தேநீர்க் கடையைத் தேடிப் புறப்பட்டோம்.

சரோன் குருங் வீதியில், சாலா சலேம்குருங் என்னும் அரங்கின் அயலில் இருக்கிறது ‘ஒன் லொக் யுன்’. அமைதியும் இன்பமும் நிறைந்த பூங்கா என்பது இச்சீனப் பெயரின் பொருள். அரங்கும் கடையும் 1933ஆம் ஆண்டிலே தோன்றியவை. நாடு அப்போது சீயம் என்றே வழங்கியது. திரைப்படம் காட்டுவதற்கென எழுந்த அவ்வரங்கில் இன்று இராமகாதையை முகமூடிக் கூத்தாக ஆடுகின்றனர். கடையோ தன் தொழிலை மாற்றவில்லை.

வாசலில் நீண்ட வரிசை நின்றது. கைத்தொலைபேசியும் கையுமாக நின்றவர்களுட் பெரும்பாலோர் இளைஞர். 2019இல் அருகே நிலக்கீழ் இரயில் நிலையம் திறக்கப்பட்டபின் தொலைவிலிருந்தும் வருவது எளிதாயிற்று என்றார் நண்பர்.

தாய்லாந்தின் பழைய கடைகளில், நீண்ட துணிப்பையிலே தேயிலைத் தூளை இட்டுக் கொதிநீர் ஊற்றிச் சாயம் வடிப்பர். கண்ணாடிக் குவளையில் ரின்பால் காத்திருக்கும். இரண்டும் கலந்ததும் செம்மஞ்சள் நிறம் கொள்கிறது. நேயர்களே, அந்நிறம் கொழுந்தின் கொடையன்று. தூளுடன் சேர்க்கும் வர்ணத்தின் வேலை. தேயிலை நாட்டிற் பிறந்த எமக்கு இது சற்றே உறுத்தியது. ஆயினும் எமது குவளை விரைவிலேயே வெறுமையாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. இவ்வகைத் தேநீருக்கு ‘போரான்’ என்று ஓர் அடைமொழி உண்டு. பழமையானது என்பது பொருள். நமது ‘புராணம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு அது.

வாட்டிய பாணுடன் ‘சங்கயா’ வந்தது. தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கிண்டிய இனிப்பு. வட்டிலப்பத்தைச் சற்று இளக்கிப் பாணுக்குத் தொட்டுக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள். எம் வீட்டுச் சிறுவர் உடனிருந்தால் பாணை விடுத்துக் கிண்ணத்தையே வழித்திருப்பர்.

எமக்குக் கிடைத்த மேசையில் ஒரு முதியவர் சீனப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தந்தையாரின் கைபிடித்து அக்கடைக்கு வந்தவராம். முன்னெல்லாம் ஒரு குவளைத் தேநீருடன் பத்திரிகை முழுவதையும் படித்து முடிப்பதுண்டு என்று நண்பர் வாயிலாக எமக்குச் சொன்னார்.

“இப்போது?” என்று கேட்டோம்.

அவர் வாசலைக் காட்டினார். “இத்தனை பேர் நிற்கையில் எப்படி உட்கார்ந்திருப்பது? இவர்கள் வராவிட்டால் கடையும் இராது.”

வரிசையில் நின்று அவர் மேசையைப் பங்குபோட்டவர்களுள் நாமும் அடக்கம் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. ஆறுதலாக இருங்கள் ஐயா என்று நண்பரைக்கொண்டு சொல்வித்தோம். அவர் புன்னகைத்தார், பாதி படித்த பத்திரிகையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் வாசலைக் கடக்குமுன்பே அந்நாற்காலியில் ஒரு மாணவி வந்தமர்ந்து, தேநீரைப் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டாள்.