ஒத்தக்கடை வரை வந்த லெபனான் ருசி... ஷவர்மாவைக் கடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

யானைமலை மேல் வெயில் இறங்கியதும் ஒத்தக்கடைக்கு வேறு முகம் வந்துவிடும். வேளாண் கல்லூரி மாணவர்கள், உயர் நீதிமன்றக் கிளையில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்று சாலையோரம் நிறைந்துவிடும். முன்பெல்லாம் இந்த நேரத்துப் பசிக்குப் பரோட்டாவும் சால்னாவும்தான் பதில். இப்போது மதுரையின் எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கம்பியும், அதைச் சுற்றி அடுக்கிய கோழிக்கறியும் மெல்லச் சுழல்வதைப் பார்க்கலாம்.

இந்தக் கடைகளுக்கு வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. கையில் பிடித்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வகை. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பி, அங்கே சாப்பிட்ட குபூஸின் ருசியை இங்கே தேடுகிறவர்கள் இரண்டாவது வகை. பிள்ளைகள் அடம்பிடித்ததால் வந்து, 'வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதே?' என்ற கேள்வியோடு உட்காரும் பெற்றோர் மூன்றாவது வகை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எது லெபனான் சாப்பாடு?

போர்டில் 'அரேபியன்' என்று இருந்தால் எல்லாமே லெபனான் சமையல் ஆகிவிடாது. குழிமந்தி ஏமன் நாட்டுச் சோறு. ஷவர்மாவின் பூர்வீகம் துருக்கியர் ஆண்ட உஸ்மானியப் பேரரசு. 'திருப்புதல்' என்று பொருள்படும் துருக்கிச் சொல்தான் அரபியில் ஷவர்மா ஆனது. லெபனானும் சிரியாவும் அதைத் தங்கள் தெருக்களின் உணவாக்கிக்கொண்டன. மெக்சிகோவில் குடியேறிய லெபனான் மக்கள் அங்கும் அதைக் கொண்டுபோக, அதுவே இன்று அந்நாட்டின் புகழ்பெற்ற 'டாக்கோ அல் பாஸ்டர்' ஆகியிருக்கிறது.

உண்மையான லெபனான் மேஜையில் கறியைவிடக் காய்கறியும் பயறும்தான் அதிகம். வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்த்து அரைத்தால் ஹம்மஸ். கடலையை ஊறவைத்து அரைத்துப் பொரித்தால் ஃபலாஃபல். நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்தால் லப்னே. அரிசியும் மைசூர்ப் பருப்பு வகையும் சேர்த்து வேகவைத்து, மேலே சிவக்க வறுத்த வெங்காயம் தூவினால் முஜத்தரா. சைவம் சாப்பிடுகிறவர்களும் தயக்கமில்லாமல் உட்காரலாம்.

ஹம்மஸ் மீது அந்த நாட்டுக்கு இருக்கும் பெருமைக்கு ஒரு கதை உண்டு. 2010-ல் உலக சாதனைக்காக லெபனான் சமையல்காரர்கள் ஒரே தட்டில் செய்த ஹம்மஸின் எடை 10,452 கிலோ. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்!

பயம் எங்கிருந்து வந்தது?

2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் குடும்பத்தோடு ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். ஆசையாகக் கேட்ட பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஒரு பொட்டலம், ஒரு வீட்டையே இருட்டாக்கிவிட்டது.

தவறு அந்த உணவின் மீது இல்லை. அதைச் செய்யும் விதத்தில்தான். கம்பியில் அடுக்கிய கறியில் நெருப்பு படுவது வெளிப்பக்கம் மட்டும்தான். வெந்த மேல்பகுதியைச் சீவிய பிறகே உள்பகுதிக்குச் சூடு போகும். கூட்டம் அதிகமானால் வேகும் முன்பே சீவிவிடும் ஆபத்து உண்டு. கூட்டம் குறைந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு, கறியை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே விட்டுவிடுவார்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கோழிக்கறியின் உள்பகுதி 75 டிகிரியைத் தொட்டால்தான் சால்மொனெல்லா போன்றவை சாகும். இரவு மிஞ்சியதை மறுநாள் மீண்டும் கம்பியில் ஏற்றினால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

அடுத்த சந்தேகம், கூடவே தரும் மயோனைஸ். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்வது. அடுப்பில் ஏறுவதே இல்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் கேரளமும், 2024 அக்டோபரில் தெலங்கானாவும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லெபனானில் கோழி ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் 'தூம்' என்ற வெள்ளைச் சட்னியில் மரபுப்படி முட்டையே கிடையாது. தூம் என்றால் அரபியில் பூண்டு. பூண்டையும் உப்பையும் உரலில் இடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் வெண்ணெய் போலத் திரண்டு வரும். கடைக்காரரிடம், "இது மயோனைஸா, பூண்டு சாஸா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே கடையின் லட்சணம் தெரிந்துவிடும்.

உட்காரும் முன் ஒரு பார்வை

* 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா?

* கம்பி இருக்கும் இடம் மூடியிருக்கிறதா, சாலைத் தூசி படுகிறதா? மேலூர் சாலை போன்ற லாரிப் பாதையில் இது முக்கியம்.

* சீவிய கறியை அப்படியே ரொட்டியில் சுருட்டுகிறார்களா, கல்லில் மறுபடி நன்றாகச் சூடாக்கித் தருகிறார்களா? இரண்டாவதுதான் நல்லது.

* கறியின் உள்ளே இளஞ்சிவப்பு நிறமோ, புளித்த வாடையோ இருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, வைத்துவிடுங்கள்.

* பார்சல் வாங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கேரளத்தில் தயாரித்த நேரத்தைப் பொட்டலத்தின் மீதே எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் பிள்ளைக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் தாமதமே கூடாது. கடை மீது புகார் இருந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

ஊர் விட்டு ஊர் வந்த பண்டங்களை மதுரை என்றைக்கும் தள்ளிவைத்ததில்லை. பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர் இது. ஷவர்மாவுக்கும் ஹம்மஸுக்கும் இங்கே இடம் உண்டு. கடைக்காரர் நன்றாக வேகவைத்துத் தர வேண்டும், நாம் கேட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்!