நுனியா, கணுவா?

பவர் பிரஸ்ஸில் மேல் டை இறங்க ஒரு நொடிகூட ஆகாது. தகட்டை நேராக வைக்கப் போன விரல் அந்த நேரத்தில் உள்ளே இருந்தால் முடிந்தது கதை. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வரும் காகிதத்தைப் பற்றி.

"நுனி போயிடுச்சு" என்போம். "ஒரு கணு போயிடுச்சு" என்றும் சொல்வோம். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். சட்டத்தில் அப்படி இல்லை.

மருத்துவர்கள் ஃபாலங்ஸ் என்பதைத்தான் பட்டறையில் கணு என்கிறார்கள்: மடிப்புகள் பிரிக்கும் விரல் எலும்புத் துண்டுகளில் ஒன்று. கட்டை விரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று. நுனி என்பது எலும்பைத் தொடாமல் சதையும் நகமும் மட்டும் வெட்டுப்படுவது.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் தங்கள் அட்டவணையில் இதற்கு ஒரே கணக்கைத்தான் போட்டன. ஆட்காட்டி விரலில் எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 5 சதவீதம். ஒரு கணு போனால் 9, இரண்டு போனால் 11, முழு விரலும் போனால் 14. கட்டை விரலுக்கு இதே வரிசையில் 10, 20, 30. வலக்கை, இடக்கை என்ற பேதம் இல்லை. ஆட்காட்டி விரலின் முதல் கணுவுக்கு 9 கொடுத்துவிட்டு அடுத்ததற்கு 2 மட்டுமே கூட்டுவதைக் கவனியுங்கள். பிடிமானம் எங்கே இருக்கிறது என்பது அட்டவணை போட்டவருக்கும் தெரிந்திருக்கிறது!

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்றால் இ.எஸ்.ஐ.யின் முழு ஊன உதவித்தொகை அதில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய். அதில் 5 சதவீதம் நாளொன்றுக்கு 27 ரூபாய்; 9 சதவீதம் என்றால் 48 ரூபாய் 60 காசு. நிரந்தர ஊனம் என்றால் இந்தத் தொகை ஆயுள் முழுக்க வரும். ஒரு சொல் மாறினால் மாதம் சுமார் 650 ரூபாய் போய்விடும்.

ஆகவே எக்ஸ்ரே முக்கியம். எலும்பில் ஒரு சிம்பு போயிருந்தாலும் 'எலும்பு இழப்பின்றி' என்ற வரி பொருந்தாது. காயம் ஆறிய பிறகு தைத்த தோலைப் பார்த்து யாரும் அதைச் சொல்லிவிட முடியாது; படம் சொல்லும். விரல் அப்படியே இருந்தும் அடியோடு மடங்காமல், நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், அதையும் இழந்த விரலாகவே கொள்ள வேண்டும் என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. பலர் கண்ணில் படாத வரி இது.

அட்டவணைச் சதவீதத்தோடு எப்போதும் கதை முடிவதில்லை: முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த ஒரு தச்சருக்கு நூறு சதவீத இழப்பு என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம்.

இ.எஸ்.ஐ.யில் சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவ வாரியம். அந்த முடிவு தவறு என்று பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். காலக்கெடு உண்டு, உத்தரவு கைக்கு வந்ததுமே கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஊன உதவிக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்று தட்டிக் கழிக்க முடியாது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த விரல், எத்தனை கணு, எலும்பு போனதா இல்லையா என்று எழுதியிருக்கிறதா எனப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கையில் பீகார், ஒடிசாத் தம்பி யாராவது இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.