1958 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன வயலின்: நாம் கேட்காமல் விட்ட சில இசைத்தட்டுகள்

1981 இல் ஜேர்மனியின் மியூனிக் நகரத்து ஈ.சி.எம். நிறுவனம் ‘ஹூஸ் டு நோ’ என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. அதில் நான்கு கலைஞர்கள். பத்துத் தந்தி இரட்டை வயலின் எல். சங்கர். மிருதங்கம் உமையாள்புரம் கே. சிவராமன். தபேலா ஸாகிர் ஹுசைன். நான்காவது பெயர் வி. லக்ஷ்மிநாராயணா. அவர் இதில் வாத்தியம் எதுவும் வாசிக்கவில்லை, தாளம் போடுகிறார்.

அவர் சங்கரின் தந்தை. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த பேராசிரியர். 1958 இனக்கலவரத்தோடு மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பியவர்.

மட்டக்களப்பில் இப்போது கிற்றாரும் ட்ரம்ஸும் பழகும் பிள்ளைகள் அதிகம். புரோகிரசிவ் ரொக், மெட்டல், ஃபியூஷன் என்று தேடித்தேடிக் கேட்கிறார்கள். “இதெல்லாம் வெள்ளைக்காரனுடைய இசை, உங்களுக்கு எதற்கு?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஃபியூஷன் என்று உலகம் கொண்டாடும் இசையின் ஒரு முக்கியமான கிளை, நம்முடைய மண்ணிலிருந்து துரத்தப்பட்ட ஒரு வீட்டுக்குள் முளைத்தது.

ஒரு வீடு, மூன்று வயலின்கள்

லக்ஷ்மிநாராயணாவின் பிள்ளைகளில் மூவர் வயலினில் பெயர் பெற்றார்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன். ‘ஏழாவது மனிதன்’ படத்தின் பாடல்களையும் ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இசையையும் கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். அடுத்தவர் எல். சுப்ரமணியம். இளையவர் சங்கர், 1950 இல் பிறந்தவர். ஏழு வயதில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அவருடைய முதல் கச்சேரி நடந்தது. அடுத்த வருடமே நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

1958 என்றால் கிழக்கில் உள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பொலன்னறுவை ரயில் நிலையம். வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குப் போகிறார்கள் என்று எண்ணி, மட்டக்களப்பிலிருந்து வந்த பயணிகளை அங்கே தாக்கினார்கள். அந்த மே மாதத்தில் இறந்தவர்களையும் எரிந்த வீடுகளையும் பற்றி நாம் பேசியிருக்கிறோம். மூடப்பட்ட இசை வகுப்புகளையும், ஆசிரியரை இழந்த மாணவர்களையும் பற்றி அதிகம் பேசவில்லை.

இடம்பெயர்ந்ததால்தான் இவர்கள் பெரிய கலைஞர் ஆனார்கள் என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வித்தை தகப்பனிடமிருந்து வந்தது. கலவரம் செய்த ஒரே வேலை, அந்த வித்தை நமக்குக் கிடைக்காமல் பண்ணியதுதான்.

கேட்க வேண்டிய நான்கு

சங்கர் 1969 இல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகச் சூழலில் ஜோன் மக்லக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார் கலைஞரைச் சந்தித்தார். மக்லக்லின் அதுவரை மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற குழுவில் காதைப் பிளக்கும் மின்கிற்றார் வாசித்தவர். இருவரும் ஸாகிர் ஹுசைன், கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார்கள். சக்தி பரவலாகத் தெரிந்த பெயர்தான். 2024 இல்கூட அதன் புதிய அணி கிராமி விருது வாங்கியது. ஆனால் 1977 இல் வந்த ‘நெச்சுரல் எலிமென்ட்ஸ்’ பற்றிப் பேசுபவர்கள் குறைவு. சக்தியின் முதல் தட்டு மேடையில் ஒலிப்பதிவானது, உருப்படிகள் நீளமானவை. இதில் உருப்படிகள் சிறியவை, மெட்டுகள் மனதில் நிற்கும். புதிதாகக் கேட்பவர் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, ‘டச் மீ தேர்’, 1979. தயாரித்தவர் ஃபிராங்க் ஸாப்பா. ரொக் இசையின் பெரிய குறும்பர் அவர். கிண்டலான பாட்டு வரிகளுக்கும் மின் ஒலிகளுக்கும் நடுவே சங்கரின் வயலின் ஓடுகிறது. எல்லாப் பாட்டும் தேறாது. வயலின் தனியே வரும் இடங்களில் வில் கிற்றாரைப்போலவே கத்துகிறது, ஆனால் கமகம் போகவில்லை. மெட்டல் கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் வாசல்.

மூன்றாவது, முதலில் சொன்ன ‘ஹூஸ் டு நோ’. ஒரு பக்கம் முழுவதும் ராகம் தானம் பல்லவி. மறுபக்கம் ஆனந்த நடனமாடும் பாதத்தைப் பாடும் உருப்படி. இதை ஃபியூஷன் என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும், ஏனென்றால் இது நேரான கர்நாடகக் கச்சேரி. புதுமை வாத்தியத்தில் இருக்கிறது. சங்கர் தானே வடிவமைத்த இரட்டை வயலினுக்கு இரண்டு கழுத்துகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தந்திகள். டபுள் பேஸின் அடிக்குரல் தொடங்கி வயலினின் உச்சம் வரை ஒரே ஆள் வாசிக்கலாம். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

நான்காவது, ‘விஷன்’. 1983 இல் ஒலிப்பதிவானது. சங்கரோடு நோர்வேயின் யான் கார்பரெக் சாக்ஸபோன், டென்மார்க்கின் பல்லே மிக்கல்போர்க் டிரம்பெட். மிருதங்கமும் இல்லை, தபேலாவும் இல்லை. மூன்று குரல்கள் ஒன்றை ஒன்று முந்தாமல் நகர்கின்றன. இருட்டிய பிறகு கல்லடிப் பக்கம் வாவிக் கரையில் இருந்து இதைக் கேட்டேன். நடுவில் இரண்டு தடவை, தொலைபேசி நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு மௌனம் விட்டு வாசித்திருக்கிறார்கள்.

சங்கரின் எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. 1986 இல் வந்த ‘தி எபிடெமிக்ஸ்’ தட்டில் ஸ்டீவ் வை போன்ற கிற்றார் வித்தகர் இருந்தும், பாட்டுகள் அந்தக் காலத்துச் சாதாரண பொப் பாட்டுகளாகவே நின்றுவிட்டன. கலப்பு என்பதாலேயே ஒன்று நன்றாகிவிடாது.

அண்ணன் சுப்ரமணியத்தின் வழி வேறு. ஜாஸ் கலைஞர்களோடு அதிகம் சேர்ந்தவர். பிரான்சின் முதிய வயலின் மேதை ஸ்டெஃபான் கிரப்பெல்லியோடு 1984 இல் செய்த ‘கொன்வர்சேஷன்ஸ்’ இரண்டு பெரியவர்கள் திண்ணையில் இருந்து கதைப்பது போன்றது. மேலே சொன்ன நான்கும் கடினமாகத் தோன்றினால் இதைக் கேளுங்கள்.

கூத்துக் காதோடு கேட்கலாம்

இந்த இசை நமக்குப் பிடிபடாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். புரோகிரசிவ் ரொக் ரசிகர்கள் பெரிதாகப் பேசுவது, நான்கு நான்காக எண்ண முடியாத தாளக் கணக்குகளைப் பற்றி. ஐந்து, ஏழு என்று வந்தால் அவர்களுக்கு அதிசயம். கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கை மிச்ரசாபு, ஐந்து எண்ணிக்கை கண்டசாபு. பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் சங்கதி அது. சக்தியின் கச்சேரிகளில் தாளச் சொற்களை வாயால் சொல்லிப் போட்டி போடும் இடம் வரும். வடமோடிக் கூத்தில் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டுச் சொல்வதைக் களரியில் விடியும்வரை பார்த்த ஒருவருக்கு அது புதிதாகவே இருக்காது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் கேட்கும் காது ஒன்றுதான்.

முதல் தடவை கேட்கும்போது வயலினை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் தொடருங்கள். கையால் போட்டுப் பாருங்கள். தாளம் பிடிபட்ட பிறகு, இரண்டாம் தடவையில் மெட்டு தானாக வரும்.

இங்கே என்ன செய்யலாம்

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்துபோன யாழ்களின் கணக்கைத் தேடி ‘யாழ் நூல்’ எழுதி, 1947 இல் அரங்கேற்றினார். அவர் பெயரால் கல்லடியில் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பறை, மத்தளம், உடுக்கு எல்லாவற்றையும் ஒரே அணியில் நிறுத்திய ‘இன்னியம்’ கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உருவானது. சேர்த்து வாசிக்கும் துணிவு இந்த ஊருக்குப் புதிதல்ல.

நமக்குக் குறைவாக இருப்பது ஒலிப்பதிவு. யுத்த காலம் முழுவதும் படுவான்கரையில் மின்சாரமே இல்லாத ஊர்கள் இருந்தன. பதிவாகாமலே போன அண்ணாவிமார் எத்தனை பேர் என்று கணக்கில்லை. லக்ஷ்மிநாராயணா தாளம் போட்டது ஒரு தட்டில் பதிந்திருப்பதால்தான், இத்தனை வருடம் கழித்து அவரைப் பற்றி நான் எழுத முடிகிறது.

கிற்றார் பழகும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். இந்தத் தட்டுகளைக் கேளுங்கள். பிறகு உங்கள் ஊரில் மத்தளம் அடிக்கும் ஒரு பெரியவரைத் தேடிப்போய், அவர் அடிப்பதைக் கையிலுள்ள தொலைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் கூடவே எழுதி வையுங்கள். அவரோடு சேர்ந்து வாசிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.